தலைமைக் கதிரையில் ஒரு முற்பகல்

எங்கள் பிரதேச சபையில் நான் உறுப்பினரானது சட்டம் கேட்ட ஒரு கணக்கை நிரப்புவதற்காகத்தான். சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து, கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் பெண்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. நான் அப்போது புத்தளம் பக்கம் கண்டக்குழியில் ஒரு பாலர் பாடசாலை நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பிள்ளைகள் என்னிடம்தான் முதலில் அழுது பழகி, பிறகு எழுதப் பழகினார்கள். அதனால் என் முகம் எல்லோருக்கும் தெரியும். கட்சி அமைப்பாளருக்கு அது போதுமாயிருந்தது.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என் கணவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அமைப்பாளர் என் கணவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு, அவரிடம்தான் கேட்டார்.

"நானா, ஒங்கட பொஞ்சாதிட பேரத் தாங்க. பேர் மட்டும் போதும். மாசத்துல ஒரு நாள் கூட்டம். கை தூக்கச் சொன்னாத் தூக்கினாச் சரி. வேற ஒரு வேலையும் இல்ல."

என் கணவர் வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "என்னட்ட ஏன் கேக்குறீங்க? பேர் அவட பேர். உள்ளுக்குத்தான் இரிக்கிறா. அவட்டக் கேளுங்க" என்றார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து "ஓம்" என்று சம்மதித்தேன். யோசிக்க இரண்டு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு வயதுப் பிள்ளைகளோடு இத்தனை காலம் கதைத்த எனக்கு, பெரிய ஆட்கள் எப்படிக் கூட்டம் நடத்துகிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் மனதில் இல்லை.

முதல் கூட்டத்துக்கு என் கணவர் தன் பழைய மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். போகும் வழியில் கழுதைக் கூட்டமொன்று தெருவை மறித்து நின்றதால் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் நுழைந்தபோது யாரோ பேசிக்கொண்டிருந்தார். "இந்த நாட்டைப் பெண்கள் ஆண்டிருக்கிறார்கள். உலகத்துக்கே வழி காட்டியவர்கள் நாங்கள். அதேபோல இந்தச் சபைக்கும் சகோதரிகள் வந்திருக்கிறார்கள்" என்று முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். சகோதரிகளுக்கு ஒதுக்கியிருந்த கதிரைகள் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தன. சபைத் தலைவரான தவிசாளர் எழுந்தால் அவர் தலை தெரியும், உட்கார்ந்தால் அதுவும் தெரியாது.

தேநீர் இடைவேளையில்தான் எங்களுக்கு இன்னொன்று தெரிய வந்தது. பெண்கள் கழிவறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஜன்னலால் எட்டிப் பார்த்தால் உள்ளே பெயின்ட் வாளிகளும் உடைந்த மேசையொன்றும். இதுவரை அந்தச் சபையில் ஒரு பெண் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கவில்லை போலும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எதிர்க்கட்சிப் பெண். தெற்கே கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் சிங்களம், மீன் உலர்த்தும் வாடியில் தமிழ். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் என் கையைப் பிடித்து, "நங்கி, ஒங்களுக்கும் போகணுமா?" என்றார். நங்கி என்றால் தங்கை. நான் தலையாட்டினேன். "அப்ப வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு நேராகச் செயலாளரின் அறைக்குப் போனார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"செக்ரட்டரி மாத்தயா, நாங்க ரெண்டு பேரும் ரெண்டு கட்சி. ஆனா இந்த விசயத்துல ஒரு கட்சி. தெறப்பத் தாங்க."

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் போனபோது வாளிகளும் மேசையும் இல்லை. கழிவறை கழுவி, புதுக் கண்ணாடி மாட்டியிருந்தது. அரசியலில் நான் கண்ட முதல் வெற்றி அதுதான். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. நான் வீட்டில் செய்த இடியப்பத்தை அவருக்குக் கொண்டுபோவேன், அவர் எனக்குத் தோட்டத்துப் பீட்ரூட்டும் மிளகாயும் கொண்டுவருவார். கூட்டத்தில் அவர் கட்சிக்காரர் கை தூக்கினால் அவர் தூக்குவார், எங்கள் கட்சிக்காரர் தூக்கினால் நான் தூக்குவேன். பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் பாதி வழி போவோம்.

இப்படியே ஒரு வருசம் போல ஓடியது. பிறகுதான் கேட் விசயம் வந்தது.

கடற்கரைக்குப் போகும் எங்கள் பாதைகளில் ஒன்று ஒரு தென்னங்காணியின் ஓரத்தால் போகிறது. காலையில் வள்ளங்கள் கரை சேரும்போது கருவாடு போடும் பெண்கள் கூடைகளோடு அந்தப் பாதையால்தான் இறங்குவார்கள். அவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள், யுத்த நேரம் மன்னார்ப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட கிறிஸ்தவப் பெண்களும் இருந்தார்கள். அந்தக் காணியை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் கபானா என்ற சிறு விடுதிக் குடில்கள் கட்டினார். அது நல்லதுதான், ஊர்ப் பொடியன்கள் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. ஆனால் ஒரு காலையில் பாதையின் வாயில் ஒரு இரும்புக் கேட் நின்றது. பெண்கள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. தலையில் மீன் கூடையோடு, சுடு மணலில், நல்ல தூரம்.

அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். அமைப்பாளரிடம் போனீர்களா என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர், மன்னார்க்காரி, சிரித்தார்.

"அவரிட்டப் போனா வாசல்ல நிண்டு கதைக்க வேணும் டீச்சர். உங்கட குசினிக்க எண்டா இருந்து கதைக்கலாம்."

அன்றைக்கு என் குசினியில் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றி, பேக்கரிப் பாணை வெட்டி வைத்தேன். ஒவ்வொருத்தியும் சொன்னதைக் கேட்டேன். ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருத்தி கைக்குழந்தைக்காரி, சுற்றிப் போய் வருவதற்குள் பிள்ளை பசித்து அழுகிறது. சுற்றிப் போவதால் மீனும் வெயிலில் கெடுகிறது. அவர்கள் போன பிறகு நான் கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து ஒரு பிரேரணை எழுதினேன். "அந்தப் பாதை பொதுமக்கள் பாதை என்பதைச் சபை உறுதி செய்து, தடையை அகற்ற வேண்டும்." இரண்டு வரிதான். அதை எழுதக் கொஞ்ச நேரம்தான் ஆனது. கையெழுத்து வைக்கத்தான் நெடு நேரம் யோசித்தேன். வைத்து, மறுநாள் செயலாளரிடம் கொடுத்தேன்.

அமைப்பாளர் இந்த முறை மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலே கதைத்தார்.

"டீச்சர், அதத் திரும்ப எடுங்க. அந்த மனுசன் எங்கட கட்சிக்கு நல்லவர். தவிசாளருக்கும் விருப்பமில்ல."

"கேட்டத் தெறந்தாத் திரும்ப எடுக்கிறன்" என்றேன்.

"நீங்க கட்சியால வந்தவங்க எண்டத மறக்காதீங்க."

அவர் போன பிறகு முற்றத்துக்குப் போனேன். கணவரிடம் சொன்னேன். அவர் வலையில் ஒரு கண்ணியை முடிந்து நூலை வெட்டினார்.

"என்ன செய்வாங்க? அடுத்த முறை பேர் போட மாட்டாங்க. அவ்வளவுதானே. நான் எப்பிடியும் கடலுக்குப் போவன், நீங்க எப்பிடியும் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுப்பீங்க. பயப்பட என்ன இரிக்கி?"

இருபது வருசம் அவரோடு வாழ்ந்தும், அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்ததை நான் அதிகம் கேட்டதில்லை.

பிரேரணை வரவிருந்த கூட்டத்தன்று தவிசாளர் கொழும்பில் அமைச்சுக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். உப தவிசாளர் வீட்டில் கல்யாணம். இருவரும் இல்லாவிட்டால் வந்திருக்கும் உறுப்பினர்களில் ஒருவரைத் தலைமைக்குத் தெரிவு செய்ய வேண்டும் என்றார் செயலாளர். மண்டபத்தில் ஒரு குசுகுசுப்பு. அமைப்பாளர் எழுந்தார். அவரும் சபை உறுப்பினர்தான், முன் வரிசைக்காரர். என்னைத் திரும்பிப் பார்த்து இனிமையாகச் சிரித்தார்.

"இண்டைக்கு எங்கட சகோதரி தலைமை தாங்கட்டும். பெண்களுக்கு நாங்க குடுக்கிற மரியாத அது."

யாரோ ஆமோதித்தார்கள். கை தட்டினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து நடந்து போய்த் தவிசாளரின் கதிரையில் உட்கார்ந்தேன். அது சுழலும் கதிரை. நான் உட்கார்ந்ததும் அது தானாகச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. மேசை விளிம்பைப் பிடித்துத் திரும்பி வந்தேன். கால் தரையில் முட்டவில்லை. அபாயாவுக்குள்ளே விரல் நுனியால் தரையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

செயலாளர் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னார். "மெடம், தலைமையில இருக்கிறவங்க பிரேரணை கொண்டுவர ஏலாது. ஒங்கட பிரேரணய வேற யாராவது முன்வைக்கணும். இல்லாட்டி அது விழுந்துடும்."

அப்போதுதான் அமைப்பாளரின் சிரிப்பு எனக்கு விளங்கியது. பார்வையாளர் வரிசையில் கருவாட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்து. நான் மேலே உட்கார்ந்ததைக் கண்டு மன்னார்க்காரியின் முகம் மலர்ந்திருந்தது. நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பார்க்க முடியாமல் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன்.

குப்பை அள்ளும் டிரக்டர், இறந்தவர்களை அடக்கும் மையவாடியின் மதில், சந்தைக் கூரை என்று ஒவ்வொன்றாகப் போனது. என் பிரேரணையின் முறை வந்தது. வாசித்தேன். "இதை முன்வைக்க யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

எங்கள் கட்சிப் பக்கம் அசையவில்லை. அமைப்பாளர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. பிறகு அக்கா முழுதாக எழுந்து, தூணைச் சுற்றி வந்து, நடுவில் நின்றார்.

"நான் முன்வைக்கிறன்" என்றார்.

அவருடைய கட்சித் தலைவர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. இளம் உறுப்பினர் ஒருவர், அவரும் மீனவர் மகன், "ஆமோதிக்கிறேன்" என்றார். விவாதம் தொடங்கியது.

அமைப்பாளர்தான் முதலில் பேசினார். அது பாதையே இல்லை, தனியார் காணிக்குள்ளே ஆட்கள் நடந்து நடந்து விழுந்த தடம், சபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முதலீடு செய்ய வருபவர்களை நாங்கள் துரத்தக்கூடாது என்றார். நன்றாகத்தான் பேசினார். பலர் தலையாட்டினார்கள். தலைமையில் இருக்கும் எனக்கோ விவாதத்தில் பதில் சொல்ல முடியாது. அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. செயலாளரிடம் குனிந்து, "நான் கேள்வி கேட்கலாமா?" என்றேன். "தாராளமா" என்றார்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"அந்தப் பாதைக்குச் சபை எப்போதாவது கிறவல் மண் போட்டிருக்கிறதா?"

பாலர் பாடசாலை அந்தப் பாதைக்கு எதிரில்தான் முன்பு இருந்தது. சபை டிரக்டர் வந்து கிறவல் கொட்டிய அன்று பிள்ளைகள் ஒருவரும் உள்ளே உட்காரவில்லை. டிரக்டரைப் பார்க்க வேலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு நின்று பார்த்தேன்.

உத்தியோகத்தர் எழுந்தார். அமைப்பாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம் மெடம், போட்டிருக்கிறோம். நான் வந்த புதுசில. நானே நிண்டு போடுவிச்சன்" என்றார்.

"தனியார் காணிக்குள்ளே சபை கிறவல் போடுமா?"

"போடாது மெடம்."

மண்டபத்தில் சத்தம் எழுந்தது. அமைப்பாளர் எழுந்து கத்தத் தொடங்கினார். தலைமையில் இருப்பவர் பக்கம் சாய்கிறார் என்றார். இன்னொருவர் அவருக்கு எதிராகக் கத்தினார். எனக்கு ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினால் என்ன செய்வது என்று எனக்குப் பழக்கம். நானும் கத்தவில்லை. ஒலிவாங்கியைக் கிட்ட எடுத்து, மெல்லிய குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"நானா, உட்காருங்க. உங்கட முறை வரும். எல்லாருக்கும் முறை வரும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அமைப்பாளரும் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகன் என்னிடம்தான் படித்தான், அந்த வசனத்தை அவர் வீட்டில் கேட்டிருப்பார்.

வாக்கெடுப்புக்கு விட்டேன். இரண்டு பக்கமும் கட்சி கலைந்து போயிற்று. எதிர்க்கட்சியில் சிலர் வேண்டாம் என்றார்கள், எங்கள் கட்சியில் சிலர் வேண்டும் என்றார்கள். கடைசி வரிசைப் பெண்கள் எல்லோரும் கை தூக்கியிருந்தார்கள். செயலாளர் எண்ணினார், மறுபடி எண்ணினார். இரண்டு பக்கமும் சமம்.

"இப்படி வந்தால்?" என்று கேட்டேன்.

"அறுதி வாக்கு தலைமைக்கு, மெடம். நீங்கதான் முடிவு செய்யணும்."

அமைப்பாளரின் முகத்தைப் பார்த்தேன். என் வாயை மூடத்தான் அவர் என்னை இந்தக் கதிரையில் ஏற்றினார். கதிரையோடு இதுவும் வரும் என்பது அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆனாலும் உடனே சொல்லிவிடவில்லை. நான் எழுதிய பிரேரணைக்கு நானே முடிவு சொல்வது சரியா என்று மனம் உறுத்தியது. அதைச் செயலாளரிடம் கேட்டேன், எல்லோரும் கேட்கும்படியே கேட்டேன். சட்டத்தில் தடையில்லை என்றார். பிறகு சொன்னேன்.

"சபை தன் காசில் கிறவல் போட்ட பாதையைச் சபைதான் காப்பாற்ற வேண்டும். பிரேரணைக்கு ஆதரவாக என் வாக்கைத் தருகிறேன். பிரேரணை நிறைவேறியது."

பார்வையாளர் வரிசையில் கை தட்டக்கூடாது. அவர்களுக்கு அது தெரியாது. தட்டினார்கள், மன்னார்க்காரி குரவையும் விட்டார். அவர்களை அடக்க வேண்டியது என் கடமை. நான் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் தாமதித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் பாறை மீன் பொரித்து வைத்திருந்தார். செய்தி எனக்கு முன்னே வந்து சேர்ந்திருந்தது. "தவிசாளர் அம்மா, கை கழுவிட்டு வாங்க" என்றார். எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிட்டதுபோல என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

தவிசாளர் மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "என்ட கதிரையில இருந்துகொண்டு என்னையே தோக்கடிச்சிட்டீங்களே டீச்சர்" என்றார். பிறகு, "கேள்விப்பட்டன், நல்லா நடத்தினீங்களாம். நான் நடத்தினா இப்பிடிச் சத்தமில்லாம முடியாது" என்று சிரித்தார். அவர் தீர்மானத்தைக் கிடப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. அதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கபானாக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் எதிர்பார்த்ததைவிட இளையவர். காணி விற்றவர் பாதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம். விருந்தாளிகள் படுத்திருக்கும் இடத்தருகே மீன் வாடை வருகிறது என்பதுதான் அவருடைய கவலை. மன்னார்க்காரியை அழைத்துவரச் செய்தேன். குசினியில் இருந்து கதைத்தோம். கேட்டை எடுத்துவிட்டு, பாதைக்கும் கபானாவுக்கும் நடுவில் ஓலை வேலி அடைக்கலாம், வேலியை அவர் அடைப்பார் என்று முடிவானது. எழும்பிப் போகும்போது மன்னார்க்காரி, "தம்பி, வேலி மூலையில ஒரு தண்ணிப் பைப்பும் வையுங்கோ. கூடைய அங்கேயே கழுவினா உங்களுக்கும் வாடை வராது" என்றார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அந்த வாரமே பெண்கள் அந்தப் பாதையால் இறங்கினார்கள். நானும் ஒருநாள் காலையில் அவர்களோடு இறங்கிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சபையின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் வந்தபோது என் கணவர் சொன்னது சரியாயிற்று. கட்சி என் பெயரைப் போடவில்லை. கொஞ்சம் மனம் வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அமைப்பாளர் தெருவில் கண்டால் ஸலாம் சொல்வார், நானும் பதில் சொல்வேன். இப்போது அவருடைய பேத்தி என் பாலர் பாடசாலையில் படிக்கிறாள். கெட்டிக்காரி, முறை வரும்வரை காத்திருக்க மட்டும் தெரியாது.

அக்காவை அவர் கட்சி மறுபடி நிறுத்தியது. வென்றார். சபை கூடித் தெரிவு நடந்த அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி அடித்தார். நான் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

"நங்கி, என்னத் தவிசாளரா போட்டுட்டாங்க" என்றார். குரலில் சந்தோசமும் பயமும் இருந்தது.

"மாஷா அல்லாஹ்! யார் போட்டது?"

"எல்லாருமாச் சேந்துதான். ரெண்டு பக்கமும் சண்ட பிடிச்சுக் களைச்சுப் போய், கடைசில என்னப் பாத்தாங்க."

இருவரும் சிரித்தோம். அவர் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவையாவது அழைக்கிறார். குப்பை டிரக்டர் பழுது, சந்தைக் கூரை ஒழுக்கு, கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்புகள் என்று முறைப்பாடுகள். நான் கேட்டுக்கொண்டே மீன் வெட்டுவேன், சில நேரம் யோசனை சொல்வேன், சில நேரம் "ஓம், ஓம்" மட்டும் சொல்வேன். போன வாரம் சபைப் பெண் ஊழியர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்கப்போவதாகச் சொன்னார். அதை எப்படி நடத்துவதென்று தெரியவில்லையாம்.

"நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க நங்கி. புதன்கிழமை நல்லமா?"

புதன்கிழமை நல்லம் என்றேன். போகும்போது இடியப்பம் கொண்டுபோக வேண்டும். பாய்களும், சுவரில் ஒட்டப் படங்களும் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று புத்தளம் கடைகளில் விசாரிக்கச் சொல்லி என் கணவரை நேற்றே அனுப்பிவிட்டேன்.